ஊரில் எவடம்?

ஜனவரி 5

ஊர்ப் பெயரை எங்கேயும் எழுதக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார். அதனால் எழுதவில்லை. நோர்வேயின் வடக்கு முனையில், கடலோரத்தில், இரண்டு மாதத்துக்குச் சூரியன் எழும்பாத ஒரு சின்ன ஊர். அவ்வளவுதான். மற்றதையும் எழுதக் கூடாதுதான். எழுதாவிட்டால் எனக்கு நித்திரை வராது. அம்மா படுத்த பிறகு குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு, தண்ணீர் இல்லாத தொட்டிக்குள் போர்வையோடு இருந்து எழுதுகிறேன். இது என் தமிழ்ப் பள்ளிக் கொப்பி. மட்டையில் "மிதுலா, வகுப்பு 8" என்று இருந்ததைப் பேனையால் கிறுக்கி மறைத்துவிட்டேன்.

ஒஸ்லோவிலிருந்து முதலில் விமானம், பிறகு பஸ். கடைசி மலைக்கு முன்னால் பாதையைத் தடைக்கட்டை போட்டு மூடியிருந்தார்கள். பனிக்காற்றில் ஒருவரும் தனியாக மலையைக் கடக்க முடியாதாம். பனி வழிக்கும் பெரிய வண்டி முன்னால் போக, எல்லா வாகனங்களும் அதன் பின்னால் ஒரே வரிசையில் போக வேண்டும். இந்தப் பக்கம் வருகிற வரிசை ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான். காலை பத்துக்கு ஒன்று, பின்னேரம் நாலுக்கு ஒன்று. முன்னால் போன காரின் சிவப்பு விளக்கைத் தவிர ஒன்றுமே தெரியவில்லை. அம்மா பல நாளைக்குப் பிறகு சிரித்தார்.

"பார், இதுக்குள்ளாலை ஆர் வரப் போகினம்?"

அம்மா யோசித்துத்தான் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார். வடக்கில் மீன் தொழிற்சாலை உள்ள ஊர்களில் எல்லாம் தமிழ் ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே தொழிற்சாலையை மூடிப் பத்து வருடம் ஆகிவிட்டது. விடுதிக்கும் நோர்வேப் பெயர்தான், நூர்ஹைம். மொத்தம் ஆறு அறை. அம்மா தன் அப்பாவின் பெயரைக் கொடுத்து அறை எடுத்திருந்தார்.

மணியை அடித்தோம். கதவு திறந்தது. வெங்காயம் வதங்குகிற வாசம் வந்தது. வீட்டில் போடுகிற சோட்டிக்கு மேலே கம்பளிச் சட்டை போட்ட ஒரு மாமி நின்றார். எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் கன்னத்தில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, தமிழ்ப் பிள்ளையளே! வாங்கோ, வாங்கோ. இஞ்சேருங்கோ, ஆர் வந்திருக்கினம் எண்டு ஓடி வந்து பாருங்கோ!"

நாங்கள் சப்பாத்தைக் கழற்றவும் இல்லை, அதற்குள் கேள்வி வந்துவிட்டது.

"ஊரிலை எவடம்?"

அம்மா என் விரல்களை நெரித்தார்.

"வவுனியா, அக்கா."

ஜனவரி 6

குளிர்காலத்தில் இந்த ஊரில் வேறு விடுதி திறப்பதில்லை. அதனால் இங்கேதான் இருக்க வேண்டும். காலையில் அம்மா என்னைக் கட்டிலில் இருத்திப் பாடம் சொல்லித் தந்தார்.

"ஊர் எது?"

"வவுனியா."

"வவுனியாவிலை எவடம்?"

"தெரியாது. நான் ஒஸ்லோவிலை பிறந்தனான்."

"ஒஸ்லோ இல்லை எண்டு எத்தினை தரம் சொன்னனான்? பேர்கன்."

"பேர்கனிலை பிறந்தனான்."

"அப்பா?"

"கப்பலிலை வேலை."

"அம்மாவின்ரை கைக்கு என்ன?"

"ஐஸிலை சறுக்கி விழுந்தவா."

அம்மாவின் இடது மணிக்கட்டில் டிசம்பர் இரண்டாம் திகதியிலிருந்து கட்டு இருக்கிறது. அன்றைக்கு ஒஸ்லோவில் மழை. ஐஸ் இல்லை. மாமிக்கு அது எப்படித் தெரியும்?

"எங்கடை ஆக்கள் மூண்டு கேள்வியிலை ஆளைப் பிடிச்சிடுவினம்," என்றார் அம்மா. "ஊர் எது, எவடம், ஆற்றை பிள்ளை. மூண்டுக்கும் மறுமொழி குடுத்தியோ, எல்லாம் முடிஞ்சுது."

பத்தொன்பதாம் திகதி வரைக்கும்தான். அதற்குள் வேறு ஊரில் எங்களுக்கு வீடும் எனக்குப் பள்ளிக்கூடமும் ஒழுங்காகிவிடும் என்று ஒஸ்லோவில் வக்கீல் சொல்லியிருக்கிறார். அந்த முகவரியை அப்பாவுக்கு ஒருவரும் கொடுக்க முடியாது. அதுவரை அப்பா எங்களைக் கண்டுபிடிக்கக் கூடாது.

அறையைப் பூட்டுகிற திறப்பை அம்மா தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். என்னிடம் தருவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. அதை எழுத மாட்டேன்.

அப்பா நல்லவர். சில நாளில் மட்டும்தான்.

ஜனவரி 7

மாமியின் பெயர் மலர். விடுதியின் சமையல், கணக்கு, கதை எல்லாம் அவர்தான். உடுப்புத் தோய்க்கிற அறையில் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்திருக்கிறார். அதற்கு மேலே ஊதா வெளிச்சம் தருகிற லாம்பு ஒன்று இரவு பகலாக எரிகிறது. "எனக்கு இஞ்ச வெயில் இல்லாட்டிலும் பரவாயில்லை, உவவுக்கு வேணும்," என்று கன்றைக் காட்டிச் சொன்னார்.

மாமாவின் பெயர் பரஞ்சோதி. இருபத்தொரு வயதில் மீன் வெட்ட இங்கே வந்தவராம். தொழிற்சாலையை மூடியபோது எல்லோரும் தெற்கே போய்விட, இவர்கள் இரண்டு பேரும் இந்த வீட்டை வாங்கி விடுதி ஆக்கினார்கள். மாமா அதிகம் பேசமாட்டார். குளிர்காலத்தில் அவருக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. மலைக்கு மேலால் வரிசையைக் கூட்டி வருகிற பனி வண்டியை ஓட்டுவது அவர்தான்.

எங்கள் யன்னலில் இருந்து மலைப்பாதை தெரியும். பின்னேரம் ஐந்து மணிக்கு மலை உச்சியில் முதலில் மஞ்சள் விளக்கு ஒன்று சுழன்றது. அதன் பின்னால் ஒவ்வொன்றாக வெள்ளை விளக்குகள் இறங்கின. எண்ணினேன். பதினொரு கார். யார் யார் என்று தெரியாது.

ஒரு கார் எங்கள் வீட்டுக்கு முன்னால் வந்து மெதுவானது. நான் யன்னலுக்குக் கீழே குந்தினேன். தபால் கார்.

ஜனவரி 8

சுவருக்கு அந்தப் பக்கம் நாலாம் அறை. அதில் யாரோ இருமுகிறார்கள். சின்னதாக மூன்று இருமல். பிறகு தொண்டையைச் செருமுகிற சத்தம். அப்பா வேலையால் வந்து படியேறும்போது அப்படித்தான்.

ஜனவரி 9

"நாலாம் அறையிலை ஆர் மாமி?"

"ஒருத்தரும் இல்லையே. ஏன்?"

அம்மா சும்மா இருக்க மாட்டேன் என்று மாமிக்கு அறைகளைத் துப்பரவாக்க உதவுகிறார். மாமியிடம் திறப்பை வாங்கி என்னையும் நாலாம் அறைக்குக் கூட்டிப் போனார். மடித்த போர்வை, கவிழ்த்த குவளை, வேறு ஒன்றும் இல்லை. குளியலறைக் காற்றுக் குழாய்க்கு ஒரு தகர மூடி இருக்கிறது. காற்று அடித்தால் அது திறந்து மூடுகிறது. டக், டக், டக். பிறகு காற்றை இழுக்கிறது.

"கண்டியே? இவ்வளவுதான்," என்றார் அம்மா.

ஆனால் தகரத்தைப் பார்த்தபோது அம்மா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவருக்கும் கேட்டிருக்கிறது.

இப்போது இரவு ஒரு மணி. தகரம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அது இருமல்தான்.

ஜனவரி 10

நான் ஒரு பிழை செய்துவிட்டேன்.

அம்மா மேலே அறைகளில் நின்றார். நான் குசினியில் மாமிக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். மாமி பிட்டுக்கு மா குழைத்தபடி கதைத்துக்கொண்டிருந்தார். மாமியின் ஊர் கரவெட்டி. இந்த ஊரில் கதைக்க ஆள் இல்லாமல் வாய் துருப்பிடித்துவிட்டதாம்.

"வவுனியா ஆக்கள் சொதிக்குத் தேசிக்காய் விடுறேல்லையோ? அதுதான் உன்ரை முகம் இப்பிடி உப்புச்சப்பில்லாமல் கிடக்கு," என்று என்னைச் சீண்டினார். நான் சிரித்தேன். ஐந்து நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

பிறகு பக்கத்து ஊரான கரணவாயில் தான் சைக்கிள் ஓடிய கதையைச் சொன்னார். சின்ன வயதில் மாமி சைக்கிள் பழகும்போது சங்கக்கடை ஒழுங்கையில் ஒரு மரத்தில் மோதி விழுந்தாராம்.

"சங்கக்கடைக்கு முன்னாலை பெரிய புளியமரம் ஒண்டு. அதிலை போய்ப் படார் எண்டு அடிபட்டு..."

"புளி இல்லை மாமி, இலுப்பை."

சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது.

நான் கரணவாயைக் கண்டதில்லை. இலுப்பை மரத்தையே கண்டதில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா என் கட்டில் விளிம்பில் இருந்து அந்த ஒழுங்கையைச் சொல்லித் தந்து நித்திரையாக்குவார். முதலில் சங்கக்கடை, பிறகு இலுப்பை மரம், பிறகு அப்பப்பா வீட்டு வாசலில் பச்சைப் படலை. அந்த ஒழுங்கையில் கண்ணை மூடிக்கொண்டு என்னால் நடக்க முடியும்.

மாமியின் கை மாவுக்குள் நின்றுவிட்டது.

"ஓம், இலுப்பைதான். உனக்கு என்னண்டு தெரியும்? இலுப்பையடியிலை சின்னத்தம்பி வாத்தியார் வீடெல்லோ? அவற்றை மோன் கேதீஸ் ஒஸ்லோவிலை... எடி, நீ கேதீசின்ரை பிள்ளையே?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். என் முகம் முந்திக்கொண்டு சிரித்துவிட்டது. ஐந்து நாளாக நான் ஒருவரின் பிள்ளையும் இல்லை. திடீரென்று நான் வாத்தியாரின் பேத்தி, பச்சைப் படலை வீட்டுப் பிள்ளை. மாமி மாக்கையோடு என்னைக் கட்டிப்பிடித்து உச்சியில் கொஞ்சினார்.

"மாமி, அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ. சத்தியம் பண்ணுங்கோ."

"நான் ஏன் மோனை சொல்லுறன்? சத்தியமா உன்ரை கொம்மாவுக்குச் சொல்லமாட்டன்."

படுக்கும்போதுதான் விளங்கியது. நான் கேட்டது பிழையான சத்தியம்.

ஜனவரி 11

அம்மாவிடம் சொல்லவில்லை. இன்று ஏழு கார்.

ஜனவரி 13

புயல். கடல் வீதிக்கு மேலால் பாய்கிறது. மலைப்பாதையை முழுதாகப் பூட்டிவிட்டார்கள். வரிசையும் இல்லை. எனக்கு இவ்வளவு சந்தோசம் வந்து கன நாள். ஒருவரும் வர முடியாது.

வழியில் மாட்டுப்பட்ட நோர்வே லொறிக்காரர் ஒருவர் மூன்றாம் அறையில் நிற்கிறார். மாமியின் நண்டுக்கறியைத் தின்றுவிட்டு மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வழிய இன்னொரு கோப்பை கேட்டார். மாமா அவருடைய காதுக்குள் என்னவோ சொல்ல அந்த மனிதர் அப்படிச் சிரித்தார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நாளைக்குக் காலமைதான் உண்மையான உறைப்புத் தெரியும் எண்டனான்," என்றார் மாமா. மாமா என்னோடு கதைத்த முதல் வசனம் அது.

இன்று குளியலறையில் இருக்கத் தேவையில்லாமல் நித்திரை வருகிறது.

ஜனவரி 15

இன்று பொங்கல். எல்லாம் உடைந்துவிட்டது. ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காற்று கொஞ்சம் தணிந்தது. பதினொரு மணிக்குத் தெற்குப் பக்கம் மலைக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு வரும். அதுதான் இங்கே பகல். மாமி கார்க் கொட்டிலைத் திறந்து வைத்து, அந்தக் கோட்டைப் பார்த்தபடி வாசலில் காஸ் அடுப்பை மூட்டினார். மாமா நெற்றியில் லாம்பைக் கட்டிக்கொண்டு பானைக்கு வெளிச்சம் பிடித்தார். நான்கு பேரும் தொப்பி, கையுறை, தடித்த உடுப்போடு நின்றோம்.

"சூரியன் எங்கை மாமா?"

"உந்த மலைக்குப் பின்னாலை, இன்னும் கீழை. வர ஒரு கிழமை செல்லும். நாங்கள் முன்கூட்டியே பொங்கி வைக்கிறம்."

பால் அந்தச் சிவப்புக் கோடு தெரிந்த தெற்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. "நல்ல சகுனம்!" என்று மாமி கையைத் தட்டினார். அம்மாவும் கும்பிட்டார். கட்டுப் போட்ட கை மற்றக் கையோடு சரியாகப் பொருந்தவில்லை.

உள்ளே வந்து சாப்பிட இருந்தோம். பொங்கலுக்கு எல்லோரும் எல்லோருக்கும் ரெலிபோன் எடுப்பார்கள். மாமியின் போன் விடாமல் அடித்தது. கை ஒட்டுகிறது என்று மாமி போனை மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி அழுத்தினார். ஒஸ்லோவிலிருந்து அவருடைய ஒன்றுவிட்ட தங்கை சுகந்தி.

"எடியேய் மலரக்கா, பொங்கிட்டியளே? நீங்கள் அண்டைக்குச் சொன்ன கரணவாய்ப் பிள்ளையும் தாயும் இன்னும் நிக்கினமோ? நான் கேதீசுக்குச் சொல்லிப்போட்டன். பாவம், பெண்சாதியையும் பிள்ளையையும் காணேல்லை எண்டு அந்தாள் பத்து நாளா அழுதுகொண்டு திரியுது. நேற்றே வெளிக்கிட்டிட்டார்."

மாமி சிரித்த முகத்தோடு அம்மாவைப் பார்த்தார். நல்ல செய்தி கொண்டு வந்தவரைப் போல.

அம்மாவின் கையில் கோப்பை இருந்தது. விழவில்லை. அதை மெதுவாக மேசையில் வைத்தார். மாமியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

அறைக்குள் வந்ததும் கேட்டார். "எப்ப?"

"பத்தாந் திகதி."

"என்ன சொன்னனி?"

"இலுப்பை மரம்."

அம்மா ஏசவில்லை. கட்டிலில் இருந்தார். "அப்பா சொன்ன கதையோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன்.

அம்மா வக்கீலுக்குப் போன் எடுத்தார். அங்கிருந்து அசையாதீர்கள், கதவைப் பூட்டி வையுங்கள், பொலிசுக்கு நான் அறிவிக்கிறேன் என்றாராம். பொலிஸ் நிலையம் மலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அப்பாவும் அந்தப் பக்கம். நடுவில் மாமாவின் தடைக்கட்டை மட்டும்.

ஜனவரி 16

பாதை இன்னும் பூட்டு. மதியம் தண்ணீர் குடிக்கக் கீழே போனேன். குசினிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மாமாவும் மாமியும்.

"புருசன் பெண்சாதி எண்டா ஆயிரம் இருக்கும். இருத்திவைச்சு நாலு கதை கதைச்சா எல்லாம் சரிவரும். நான் கெடுதலுக்கே செய்தனான்?" இது மாமி.

"ஆரைக் கேட்டுச் சொன்னனி?"

"கேக்க என்ன கிடக்கு? பிள்ளை தேப்பனுக்கு ஏங்குது. பேரைச் சொன்ன உடனை அதின்ரை முகம் மலர்ந்ததைக் கண்ணாலை கண்டனான்."

"அந்தப் பிள்ளை பின்னேரத்திலை யன்னலுக்கை நிண்டு கார் எண்ணுறதைக் கண்டனியோ?"

கரண்டி ஒன்றை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. மாமாதான் திரும்பவும் சொன்னார்.

"நான் ஒவ்வொரு நாளும் கீழை வரேக்கை காணுறன். வாற ஆளைத் தேடுற பிள்ளை யன்னலுக்கு முன்னாலை நிக்கும். இது லைட்டை நூத்துப்போட்டு, யன்னல் சீலைக்குப் பின்னாலை நிண்டு எண்ணுது."

நான் தண்ணீர் குடிக்காமல் மேலே வந்துவிட்டேன்.

பிள்ளை தேப்பனுக்கு ஏங்குது. இது பொய் என்று எழுத வேண்டும். அரை மணி நேரமாகப் பேனையை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 17

இன்று நாலு மணிக்கு வரிசை வெளிக்கிடும் என்று அறிவித்தார்கள். மாமா பனி வண்டியை எடுத்துக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போனார். லொறிக்காரரும் அவருக்குப் பின்னால் போய்விட்டார்.

பின்னேரம் மூன்று மணிபோல அம்மா போர்வை மடிக்கும்போது மாமி அவருடைய விரல்களைக் கண்டார். கட்டுக்கு வெளியே நீலமாக வீங்கியிருந்தன. மாமி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மாமி கேள்வி கேட்காததை இன்றைக்குத்தான் கண்டேன். மேலங்கியை எடுத்து அம்மாவுக்குப் போட்டுவிட்டு, "வாரும் பிள்ளை, டொக்டரிட்டைப் போட்டு வருவம்," என்றார். அம்மா என்னையும் வரச் சொன்னார். வீதியில் இறங்க எனக்குப் பயம். உள்ளே பூட்டிக்கொண்டு இருக்கிறேன் என்றேன். மாமாவின் வரிசை வர இரண்டு மணி நேரம் இருந்தது. அதற்கு முன் திரும்பிவிடுவோம் என்று போனார்கள்.

மூன்றே முக்காலுக்கு வரவேற்பு மேசையில் போன் அடித்தது. எடுக்கக் கூடாது. பதினைந்து தடவை அடித்தது. நின்றது. திரும்ப அடித்தது. எடுத்தேன்.

"பிள்ளை, நான் மாமா. தடையடியிலை நிக்கிறன். அம்மா எங்கை?"

"டொக்டரிட்டை. மாமியோடை."

"ம்." போனுக்குள் காற்று ஊதியது. "ஏழு கார் நிக்குது. ஏழாவது காரிலை உங்கடை அப்பா."

அப்போது அது கேட்டது. மூன்று இருமல். பிறகு தொண்டையைச் செருமுகிற சத்தம். தகரம் இல்லை.

"அண்ணை, பிள்ளையே கதைக்குது? ஒருக்காத் தாங்கோ. குஞ்சு! குஞ்சு, அப்பாவுக்குக் குளிருதடா."

எழுத மாட்டேன் என்று சொன்னதை இப்போது எழுத வேண்டும். போன மார்ச் மாதமும் அம்மாவும் நானும் வீட்டை விட்டு வெளிக்கிட்டோம். அம்மாவோடு வேலை செய்கிற ஒருவரின் வீட்டில் இருந்தோம். அம்மா கடைக்குப் போயிருந்த நேரம் அப்பா வந்து கதவுக்கு வெளியே நின்றார். கத்தவில்லை, தட்டவில்லை. "குஞ்சு, அப்பாவுக்குக் குளிருதடா," என்றார். வெளியே பனி கொட்டியது. அவர் மேலங்கி இல்லாமல் நின்றார். திறப்பு என்னிடம் இருந்தது. கதவைத் திறந்தது நான். அம்மா திரும்பி வரும்போது அப்பா உள்ளே கதிரையில் இருந்தார்.

மாமாவின் குரல் திரும்ப வந்தது. இப்போது காற்று இல்லை.

"கண்ணாடியை உயர்த்திப் பூட்டிட்டன். அவருக்குக் கேக்காது. ஒரேயொரு கேள்வி பிள்ளை. அம்மாவின்ரை கை, அது ஐஸிலை விழுந்ததோ?"

இதற்கு மறுமொழி எனக்குப் பாடம். பேர்கன், கப்பல், ஐஸ். எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தது. ஓம் என்கிற சொல் வாய்க்குள் வந்து நின்றது.

"இல்லை," என்றேன்.

மாமா, "சரி பிள்ளை. போனை வை. ஆர் தட்டினாலும் திறவாதை," என்றார்.

லைட்டை அணைத்துவிட்டுச் சீலைக்குப் பின்னால் நின்றேன். நாலரை மணிக்கு அம்மாவும் மாமியும் வந்து கதவைத் தட்டினார்கள். அவர்களுடைய குரல் கேட்டும் திறக்க எனக்கு நேரம் எடுத்தது. அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அம்மா மேலங்கியைக் கழற்றாமல் என் பக்கத்தில் வந்து நின்றார். மாமி எங்களுக்குப் பின்னால் நின்றார்.

மஞ்சள் விளக்கு உச்சியில் சுழன்றது. அதற்குப் பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று. மாமிதான் சத்தமாக எண்ணினார். நாலு. ஐந்து. ஆறு.

ஆறுக்குப் பின்னால் இருட்டு. வெகுநேரம் பார்த்தோம். இருட்டுத்தான்.

மாமா புருவத்தில் பனியோடு உள்ளே வந்தார். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்.

"காலிலை மெல்லிய சப்பாத்து. காரிலை பனி தள்ளுற சவளும் இல்லை, போர்வையும் இல்லை. உப்பிடி வாற ஆளை மலையிலை ஏத்தேலாது எண்டு சொன்னன். அது சட்டம். முன்னுக்குப் போற ஆள்தான் தீர்மானிக்கிறது."

"என்ன சொன்னவர்?"

"நீங்களும் எங்கடை பக்கத்து ஊர்தானே அண்ணை எண்டார். தடையடியிலை எனக்கு ஊர் இல்லைத் தம்பி எண்டன்." மாமா ஒரு மிடறு குடித்தார். "பொலிசுக்கும் போன் அடிச்சனான். வக்கீல் முதலே சொல்லி வைச்சிருக்கிறா போலை. நான் வரிசையை எடுக்க முதலே வந்திட்டினம். அவரைத் தங்கடை காரிலை ஏத்தினதைக் கண்ணாலை கண்டிட்டுத்தான் வெளிக்கிட்டனான்."

அம்மா நன்றி சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மாமா எழும்பிப் போய் வெளியே பனி வழிக்கத் தொடங்கிவிட்டார். வழித்த இடத்தையே திரும்ப வழித்தார்.

மாமி அம்மாவுக்கு முன்னால் நின்றார். என்னவோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். போனை எடுத்தார்.

"சுகந்தி, நான்தான். எடி, உனக்கு ஆர் சொன்னது அவையள் இஞ்ச நிக்கினம் எண்டு? நானோ? நான் சொன்னது போன கிழமை. அவையள் அண்டைக்கே சுவீடனுக்குப் போட்டினம். ஓம், சுவீடன். தாயின்ரை ஆக்கள் ஆரோ அங்கை இருக்கினமாம். எவடமோ? எனக்கு என்னண்டு தெரியும், நான் என்ன பொலிசே? நீ எல்லாருக்கும் சொல்லு, விளங்குதோ? ஒருத்தரையும் விடாமல் சொல்லு."

போனை வைத்துவிட்டு அடுத்த இலக்கத்தை அழுத்தினார். அடுத்தது கனடா. அதற்கு அடுத்தது லண்டன். எல்லாருக்கும் சுவீடன். நாலாவது போனில் மாமியின் குரல் உடைந்தது. அப்போதும் நிறுத்தவில்லை.

ஜனவரி 18

அம்மாவின் மணிக்கட்டில் இரண்டு இடத்தில் எலும்பு வெடித்திருக்கிறதாம். ஆறு கிழமையாகச் சும்மா துணிக் கட்டோடு இருந்திருக்கிறார். இப்போது வெள்ளை மாக்கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

நாளைக்குக் காலை வரிசையில் பொலிஸ் அக்கா ஒருவர் வருகிறார். அவர் எங்கள் இரண்டு பேரின் வாக்குமூலத்தையும் எழுதி எடுத்த பிறகு, அவருடைய காரிலேயே எங்களைக் கூட்டிப் போவார். புது ஊர் எது என்று அம்மாவுக்கே இன்னும் தெரியாது.

"நீ ஒண்டும் சொல்லத் தேவையில்லை. நான் சொல்லுறன்," என்றார் அம்மா.

"நீங்கள் ஐஸ் எண்டு சொல்லுவியள்," என்றேன்.

அம்மா சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாளைக்குக் குரல் நடுங்கக் கூடாது. அதனால் இங்கே ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன்.

டிசம்பர் இரண்டாம் திகதி, பின்னேரம் ஆறு மணி. நான் தமிழ்ப் பள்ளி வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டுக் குசினி வாசலுக்கு வந்தேன். ஆரோடை கதைச்சனி என்று அப்பா அம்மாவைக் கேட்டார். அம்மா மறுமொழி சொல்லவில்லை. அப்பா அம்மாவின் இடது கையைப் பிடித்து, வெளியே இழுத்திருந்த கரண்டி லாச்சிக்குள் வைத்து, லாச்சியை இடுப்பால் தள்ளி மூடினார். இரண்டு தடவை. அம்மா சத்தம் போடவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று அவர் எப்போதும் சத்தம் போடுவதில்லை. நானும் போடவில்லை. பிறகு அப்பா கையை விட்டார். திரும்பினார். நான் நிற்பதைக் கண்டார். அவருடைய முகம் உடனே மாறியது, நல்ல முகமாக. ஒழுங்கைக் கதை சொல்கிற முகமாக.

"குஞ்சு, சாப்பிட்டியே?" என்று கேட்டார்.

நான் சாப்பிட்டிருக்கவில்லை. ஓம் அப்பா என்றேன்.

நாளைக்கு இதையும் சொல்வேன்.